பிடியரிசிப் போசியில் தொடங்குங்கள்: கிறிஸ்துமஸ் மாதத்தில் குடும்பமாகக் கொடுப்பதற்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒரு பழைய பித்தளைப் போசியைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பதில்தான் தொடங்கும். ஸ்டார் கட்டுவதும் குடில் வைப்பதும் அதற்குப் பிறகுதான். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் போசியில் போட வேண்டும். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போட்டால் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஒத்துக்கொள்ள மாட்டார். "நம்ம சோத்துல ஒரு பிடி கொறையோணும் கண்ணு. அப்பத்தான் அது சேரும்" என்பார். இதற்குப் பெயர் பிடியரிசி.

வேலைக்காகக் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்து, இந்த டிசம்பரில் பிள்ளைகுட்டிகளோடு ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் தெருவில் பிடியரிசி போடும் வீடுகளில் இரண்டு, மாரியம்மனைக் கும்பிடும் வீடுகள்.

தொடங்குமுன் ஒரு சங்கதி. கொங்கு நாட்டில் கொடுக்கல் வாங்கல் என்றாலே மொய் நோட்டுதான் கண்முன் வரும். கல்யாணம், காதுகுத்து, சீர் எதுவானாலும் யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி, பீரோவில் பத்திரமாக வைத்திருப்போம். அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்போம். அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பழக்கம் நம் கையில் ஊறிப்போயிருப்பதால், தருமமாகக் கொடுக்கும்போதும் வாங்குகிறவர் தலையில் நம்மை அறியாமலே ஒரு கடனை ஏற்றிவிடுகிறோம். நன்றி சொல்ல வைக்கிறோம், வரிசையில் நிறுத்துகிறோம், போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்கிறோம். கீழே சொல்லும் படிகளில் பாதி, இந்தக் கடனை ஏற்றாமல் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான்.

முதல் படி: நவம்பர் கடைசியில் தொகையை முடிவு செய்யுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக்காலம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் அட்வெந்து என்பார்கள். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த வருடம் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். துணி எடுத்து, கேக்குக்குச் சொல்லி, கறிக்கு முன்பணம் கொடுத்த பிறகு உட்கார்ந்தால் மிச்சம் என்று ஒன்று இருக்காது.

எங்கள் வீட்டுக் கணக்கு எளிது. பண்டிகைக்கென்று நமக்கு நாமே செலவழிக்கும் தொகையில் பத்தில் ஒன்று. துணி, கேக், கறி, பட்டாசு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் என்றால் இரண்டாயிரம் அதற்கென்று தனிக் கவரில் போய்விடும். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் கொடுக்கிறவர்கள் அதை இதோடு சேர்க்க வேண்டாம். அது சபைக்குப் போகிறது, இது வேறு. கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். நகையை வைத்து அன்னதானம் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மார்ச்சில் வட்டி கட்டும்போது அவர் பேசின பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

பிடியரிசிக்கு வருவோம். பெரியவர் கையில் ஒரு பிடி 40, 50 கிராம் வரும். இரண்டு வேளை உலை வைக்கிற வீட்டில் நான்கு வாரத்துக்கு 56 பிடி, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பத்து வீடு சேர்ந்தால் ஒரு மூட்டை. ஆனால் அந்த அரிசியை அப்படியே கொட்டிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி, மூன்றாவது வீட்டில் ரேஷன் அரிசி என்று கலந்தது ஒரே பதத்தில் வேகாது. பாதி குழைந்து பாதி விறைத்து நிற்கும். சேர்ந்ததை எடை போட்டு, அந்த எடைக்கு ஒரே ரக அரிசியாக வாங்கிக் கொடுங்கள். கலந்த அரிசியை நம் வீட்டு தோசை மாவுக்கு ஊறவைத்துவிடலாம்.

இரண்டாம் படி: பக்கத்திலிருந்து தூரத்துக்கு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக ஓர் இல்லத்தைத் தேடிக் காரில் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் சொந்த வாசலைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, குப்பை எடுக்க வருகிறவர், அபார்ட்மென்ட் காவலாளி, காலையில் நாலரைக்குப் பால் போடுகிற பையன். இவர்களுக்குக் கொடுப்பது தருமக் கணக்கில் சேராது, அது பண்டிகைப் படி. தீபாவளிக்குக் கொடுத்தாயிற்று என்றால் கிறிஸ்துமஸுக்குச் சின்னதாக இருந்தால் போதும். வேலைக்கு வருகிற அக்காவே கிறிஸ்தவர் என்றால் அவரது பண்டிகைப் பணத்தைத் தீபாவளிக்குக் கொடுத்து முடிக்காதீர்கள். டிசம்பர் பத்துக்குள் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியும். சம்பள முன்பணத்தைக் கொடுத்துவிட்டு அதையே உதவி என்று சொல்லிக்கொள்கிற வழக்கமும் உண்டு. அது வேண்டாம்.

அடுத்தது தெரு. தனியாக இருக்கும் பெரியவர்கள், இந்த வருடம் வீட்டில் சாவு விழுந்தவர்கள், ஆஸ்பத்திரிச் செலவில் மாட்டிக்கொண்ட குடும்பம். இவர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் பார்த்து அறிய வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, அந்தப் பகுதி மளிகைக் கடைக்காரரிடம் பேசுவது. யார் கணக்கு மூன்று மாதமாக நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். பெயர் கேட்காமலே, "இதுல நிக்கறதுல ஒண்ணைக் கழிச்சுக்குங்க, நான்னு சொல்லாதீங்க" என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். வாங்கினவர் யாரென்று நமக்கும் தெரியாது, கொடுத்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான மீரா என்ற ஊரின் ஆயர் நிக்கோலாஸைப் பற்றிய பழங்கதையும் இதுதானே. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத தகப்பன் வீட்டுக்குள் ராத்திரி வேளையில் பொன்முடிப்பை எறிந்துவிட்டு நழுவினார் என்பார்கள். அவருடைய திருநாள் டிசம்பர் 6. மளிகைக் கடை வேலையை நாங்கள் அந்த வாரத்தில் முடித்துவிடுவோம்.

கத்தோலிக்கக் கோயில்களில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒரு குழு இருக்கும். 1833இல் பாரிஸில், இருபது வயது மாணவராக இருந்த பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கியது. ஏழை வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஊருக்குப் புதிது, யாரையும் தெரியாது என்றால் அவர்களைப் பிடியுங்கள். கோவை பெரிய கடைவீதி புனித மிக்கேல் பேராலயமானாலும், கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை கோயிலானாலும், ஈரோட்டுப் பிரப் சர்ச் ஆனாலும், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று பெரியவர் ஒருவரிடம் கேட்டால் எந்த வீட்டில் என்ன தேவை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு யோசனை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஊருக்குப் போக லீவும் டிக்கெட்டும் சேர்ந்து அமையாமல், பண்டிகையன்று ரூமில் செல்போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். இரண்டு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, கறிக்குழம்புக்குப் பாஷை எதற்கு.

மூன்றாம் படி: போகுமுன் போன் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் அன்று, மூன்று கிலோ கிரீம் கேக்கை வாங்கிக்கொண்டு, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் குடும்பத்தோடு போனோம். வாசலில் எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள். உள்ளே மேசை மேல் ஏழு கேக். பிள்ளைகள் காலையிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாட்டுப் பாடி, கேக் வெட்டி, கை தட்டிக் களைத்துப்போயிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். காப்பாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வந்தது ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா பிப்ரவரில ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க, அப்பத்தான் எண்ணெய்க்குக் கஷ்டமாப் போயிருதுங்க" என்றார். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

அதனால் போன் செய்யுங்கள், டிசம்பர் முதல் வாரத்திலேயே. "என்ன கொண்டு வரலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "உங்க இஷ்டமுங்க" என்றுதான் பதில் வரும். கூச்சம் இருக்கும் அல்லவா. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த மாசக் கடைசிக்குள்ள எது தீர்ந்து போகுமுங்க?" உடனே பட்டியல் வரும். நான் கேட்ட இடங்களிலெல்லாம் வந்த பட்டியலில் கேக் இருந்ததே இல்லை. கடலை எண்ணெய், துவரம் பருப்பு, துணி சோப்பு, பினாயில், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், முதியோர் இல்லமென்றால் பெரியவர்களுக்கான டயப்பர், கொசுவலை, சர்க்கரை மாத்திரைக்கான பணம், கரண்ட் பில். ஒருமுறை "மிக்ஸி ஜார் ஒடஞ்சு போச்சுங்க" என்றார்கள். எழுநூறு ரூபாயில் முடிந்த அந்த ஜாரைப் போல உபயோகமாக நான் எதையும் கொடுத்ததில்லை.

கூடவே கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை பேர், என்ன வயது? எந்த நாளில் வந்தால் தொந்தரவில்லை? சமைத்த சாப்பாடு வாங்கிக்கொள்வீர்களா? 25ஆம் தேதிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்களா? இருந்தால் ஜனவரியில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 நல்ல தேதி. குழந்தை இயேசுவுக்குப் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் வந்துசேர்ந்ததை நினைக்கிற நாள் அது. நம் துவரம் பருப்பு அன்றைக்குப் போய்ச் சேர்ந்தால் தாமதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகள் இல்லம் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா? ஒழுங்காக நடக்கிற இடத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சான்றிதழ் சுவரிலேயே மாட்டியிருக்கும். மழுப்பினால் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அடிபடுவதாகவோ பட்டினி கிடப்பதாகவோ சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

நான்காம் படி: வாங்குவது

கொங்கு நாட்டில் இருப்பதில் இதுதான் வசதி. கொடுக்க வேண்டிய சாமான் பெரும்பாலும் செய்கிற இடத்திலேயே கிடைக்கும்.

மார்கழிக் குளிரில் பெரியவர்களுக்கு முதலில் தேவைப்படுவது போர்வை. சென்னிமலைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் பருத்திப் போர்வை வாங்கினால் பணம் நெசவாளர் வீட்டுக்கும் போகும். பளபளவென்று இருக்கும் பாலியெஸ்டர் கம்பளி விலை குறைவு, ஆனால் வயதானவர்களுக்குத் துவைத்துக் காயவைக்க அது பெரும்பாடு. பவானி ஜமக்காளம் அழகுதான், உட்காரவும் விரித்துப் படுக்கவும் ஆகும், போர்த்திக்கொள்ள ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொசுவலை கரூரில் மலிவு. அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்து வராந்தாவில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு ஒரு கோரைப்பாயும் போர்வையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

குழந்தைகள் துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய டி-ஷர்ட்டுகள் குவியலாகக் கிடக்கும். அளவு விஷயத்தில் கவனம். வெளிநாட்டு அளவில் பத்து வயது என்று போட்டிருப்பது நம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தொளதொளவென்று தொங்கும். வயதை மட்டும் கேட்டு வாங்காமல், மார்பளவையும் உயரத்தையும் போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டை, சாயம் ஏறாத இடம், தையல் விட்டது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறம் எடுக்காதீர்கள். இது என் பிடிவாதம். கடைவீதியில் நடந்துபோகும்போது "இல்லத்துப் பிள்ளைங்க" என்று முதுகில் எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடும்.

பழைய துணி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். என் அளவுகோல் ஒன்றுதான்: நாளைக்கு நம் வீட்டு விருந்தாளிக்கு மாற்றுத்துணியாக இதைக் கொடுப்போமா? கொடுப்போம் என்றால் துவைத்து, தேய்த்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். மாட்டோம் என்றால் கரித்துணிக்குப் போகட்டும். உள்ளாடை எப்போதும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

அரிசி மொத்தமாக வாங்கும்போது 26 கிலோ மூட்டை என்றுதான் கடையில் காட்டுவார்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பொட்டலத்துக்கு ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து இப்படித்தான். விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

கேக்கும் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பிளம் கேக் கொடுங்கள், பல நாள் தாங்கும். கிரீம் கேக்குக்கு ஃபிரிட்ஜ் வேண்டும், ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் அதற்கு இடம் இருக்காது. சமைத்த பிரியாணி என்றால் இறக்கின நான்கு மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டும். விருந்தில் மிச்சமானதை மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கவே கூடாது. நாம் சாப்பிட யோசிப்பதை அவர்கள் மட்டும் சாப்பிட வேண்டுமா?

ஐந்தாம் படி: பிள்ளைகள் கையால்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் இரக்கம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். "பாரு, இவங்களுக்கெல்லாம் அப்பா அம்மா இல்ல, நீ குடுத்து வச்சவன்" என்று அந்தப் பிள்ளைகளின் காதுபடவே சொல்கிற தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு குழந்தையின் கஷ்டம் நம் குழந்தைக்குப் பாடப்புத்தகம் ஆகிவிடக் கூடாது.

அதைவிட வீட்டிலேயே வேலை கொடுங்கள். உண்டியலை உடைத்து எண்ணுவது, பருப்பை ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டுவது, பட்டியலில் டிக் அடிப்பது. எட்டு வயதுக்கு மேல் என்றால் கடைக்குக் கூட்டிப்போய், "நானூறு ரூபாய், உன் வயசுப் பையன் ஒருத்தனுக்கு நீயே எடு" என்று விட்டுவிடுங்கள். என் பையன் முதல் வருடம் பெரிய பொம்மைத் துப்பாக்கி ஒன்றை எடுத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மறுவருடம் அவனாகவே ஜியோமெட்ரி பாக்ஸும் கிரிக்கெட் பந்தும் எடுத்தான். பந்து ஏன் என்று கேட்டதற்கு, "பாக்ஸ் மட்டும் குடுத்தா கடுப்பாகாதாம்மா?" என்றான்.

தனக்குப் பிடித்த ஒன்றையாவது பிள்ளை கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தானாக வரும், சில வருடம் வராது.

ஆறாம் படி: கேரல் வருகிற ராத்திரி

டிசம்பர் பதினைந்துக்கு மேல், ராத்திரியில் டிரம்மும் கிடாருமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தோடு வாலிபர் கூட்டம் ஒன்று உங்கள் வாசலுக்கு வந்தால் பயப்படாதீர்கள். அது கேரல் ரவுண்ட்ஸ், கீத பவனி. சர்ச்சில் பெயர் கொடுத்த வீடுகளுக்குத்தான் வருவார்கள், தெருவில் மற்றவர்களும் கூப்பிட்டால் சந்தோஷமாக வந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், குழந்தைகளுக்கு மிட்டாய். கிளம்பும்போது காணிக்கைக் கவரைக் கொடுக்க வேண்டும். தொகை உங்கள் விருப்பம். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தாராளமாகக் கேட்கலாம். பல சபைகளில் ஏழைகளுக்கான துணிக்கும் அரிசிக்கும் போகும், சில இடங்களில் வாலிபர் சுற்றுலாவுக்கும் போகும். இரண்டும் தவறில்லை, தெரிந்து கொடுப்பது நல்லது. சுக்குக் காபி போட்டு வையுங்கள், அந்தப் பிள்ளைகள் குளிரில் பத்து வீடு ஏறி இறங்கி வருகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் டிரம் வேண்டாம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: அக்கம்பக்கத்துத் தட்டு

இதைத் தருமம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதில்லாமல் இந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் முடியாது. அச்சு முறுக்கு, கல்கல், கச்சாயம், ஒரு துண்டு கேக் வைத்து அக்கம்பக்கத்துக்கு அனுப்புவோம். கச்சாயத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டால் நிறமும் மணமும் தனி.

புதியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கார்த்திகை, மார்கழி ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டிருக்கிற காலம். மண்டல பூஜை முடிவதே டிசம்பர் 26, 27 வாக்கில்தான். மாலை போட்ட வீட்டுக்கு முட்டை சேர்த்த கேக்கை அனுப்பினால் வாங்கிவைத்துக்கொண்டு சங்கடப்படுவார்கள். "சாமி, உங்களுக்குத் தனியா பழம் வச்சிருக்கறனுங்க" என்று வாழைப்பழம், ஆரஞ்சு, கல்கண்டு கொடுங்கள். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பத்து வயதுப் பையனானாலும் சரி. மற்ற வீடுகளிலும் செவ்வாய், வெள்ளி, சனி என்று அசைவம் சேர்க்காத நாள் பார்ப்பவர்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் முட்டையில்லாத கேக், இல்லையென்றால் முறுக்கு மட்டும்.

எட்டாம் படி: கொண்டுபோய்க் கொடுக்கும்போது

சாமானை வாசலில் இறக்கி, பொறுப்பானவர் கையில் கொடுத்து, பட்டியலைச் சரிபார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இதுவே போதும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. யாருக்கு எது சேரும் என்று அங்கிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

போட்டோ வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளை அடையாளம் தெரியும்படி ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. நம் ஸ்டேட்டஸும் பலர் பார்க்கிற இடம்தானே என்று நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை நாளைக்குக் காலேஜுக்குப் போகும், வேலைக்குப் போகும், கல்யாணம் ஆகும். கையில் அரிசிப் பையோடு நிற்கிற அந்தப் படம் எங்கே போய் நிற்கும்? அரிசி மூட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு வெட்கம் கிடையாது.

பெரியவர்களிடம் பேசும்போது உறவு முறை வைத்துப் பேசுங்கள். "அப்பாரு, சாப்ட்டீங்களா?", "அம்மிச்சி, முழங்கால் வலி எப்படீங்க இருக்குது?" முதியோர் இல்லத்தில் நாம் கொண்டுபோகும் பழத்தை விட இந்தப் பேச்சுக்குத்தான் ஆசைப்படுவார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். "பசங்க எங்கே இருக்காங்க?" என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரசீதும் வரியும், சுருக்கமாக

வரிச்சலுகை வேண்டுமென்றால் 80ஜி பதிவு உள்ள நிறுவனமாகப் பார்த்து வங்கி வழியாகக் கொடுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. அரிசி, துணி போன்ற பொருளுக்கும் கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. இதற்காகத்தான் கொடுக்கிறோம் என்றில்லை, ஆனால் ரசீது கேட்பது நிறுவனத்தையும் நேராக வைத்திருக்கும்.

வாட்ஸப்பில் சுற்றும் க்யூ.ஆர். கோடுகளுக்கு டிசம்பரில் குறைவே இல்லை. குழந்தைக்கு ஆபரேஷன், நாளைக்கே கெடு என்று வரும். ஸ்கேன் செய்ததும் வருகிற பெயர் நிறுவனத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் என்றால் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரி பெயர் போட்டிருந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம், அரை நாள் வேலைதான்.

பணமே கையில் இல்லாத வருடமும் வரும். 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாத எடை, உடம்பில் தெம்பு இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. பண்டிகை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் அதிகம், அந்த வாரத்தில் போய்ப் படுத்துக் கொடுக்கிற ஒரு யூனிட்டுக்கு மதிப்பு கூடுதல்.

கடைசிப் படி: அவர்கள் திருப்பித் தந்தால்

முதல் படியில் ஒதுக்கின தொகையில் பாதியை டிசம்பரில் தொடாதீர்கள். பிப்ரவரி எண்ணெய்க்கு ஒரு பங்கு, ஜூன் மாத நோட்டுப்புத்தகத்துக்கு ஒரு பங்கு. போனில் இப்போதே அலாரம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும். எனக்கு இரண்டு வருடம் மறந்தது.

போன வருடம் எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தவர், நாங்கள் எழுந்ததும், "செத்த இருங்க கண்ணு" என்று பின்கட்டுக்குப் போனார். கொல்லைப்புற மரத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை, ஆறு காய். என் வீட்டுக்காரர் வாய் திறந்து, "எதுக்குங்கம்மா, உங்களுக்கு வெச்சுக்குங்க" என்று சொல்லத் தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

வாங்கிக்கொண்டு வந்து அன்று ராத்திரியே அரிசியும்பருப்புச் சோறு ஆக்கி, முருங்கைக்கீரையை வதக்கிச் சாப்பிட்டோம். மறுநாள் அந்த வழியாகப் போகும்போது கீரை இளசாக இருந்ததுங்க என்று சொன்னேன். "அடுத்த வாரம் இன்னொரு கட்டு தாறேன், வந்து பறிச்சுக்கோ" என்றார்.